கம்பைலர் மாற்றிய மூன்று மாதம்

கொட்டகலை
08.06.2025, ஞாயிறு

அன்புள்ள கிறிஸ்டியனுக்கு,

இங்கே மாமா, மாமி, நான் மூவரும் சுகம். தோஹா வெயில் உங்களை அதிகம் வாட்டாமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பின் கூரையில் மாமாவின் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகுகிறது. கட்டிலை இழுத்துப் போட்டிருக்கிறேன்.

போன் இருக்க ஏன் மெயில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் ஐந்தாவது நிமிடம் புருஷன் பெண்சாதி சண்டை வந்துவிடுகிறது. கேட்க நினைத்ததைக் கேட்காமலே வைத்துவிடுகிறேன். நீங்கள் போன மூன்று வருடமும் அப்படித்தான் கழிந்தது. அதனால் இதை எழுத்தில் கேட்கிறேன்.

புதன்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நம் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடம் இங்கேயே தொடங்கலாமா என்று பார்க்க வந்தவர். “மெஷின் பழசா இருந்தா பரவாயில்ல டீச்சர். ஆனா பாடத்துல இருக்கிற டேட்டாபேஸ் ஓடணும். ஜூலை இருபத்திநாலாம் தேதி திரும்பி வருவேன். ஓடலேன்னா பிள்ளைங்க ஹட்டனுக்குத்தான் போகணும்” என்றார். ஹட்டனுக்குப் போகச் சொன்னால் எத்தனை பேர் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். போன வருடம் ஏழு பெண் பிள்ளைகளில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். நன்றாகப் படித்த லோஜினி இப்போது கொழும்பில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள்.

அந்த டேட்டாபேஸை மூலநிரலிலிருந்து கட்டிப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன் நீங்கள் கட்டிய லினக்ஸ் இயங்குதளத்தில் வேறு எப்படியும் எதையும் போட முடியாதே. ‘கம்பைலர் மிகப் பழையது’ என்று சொல்லி நின்றுவிட்டது. நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலரே பழசாகிவிட்டால் புதிதாக எதைத்தான் கட்டுவது? அதை மாற்ற, சர்வரின் முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். மற்றப் பதின்மூன்று மெஷின்களும் அந்த ஒரு சர்வரை நம்பித்தான் எழும்புகின்றன. அதன் சாவி மட்டும் தோஹாவில் இருக்கிறது.

அனுப்புவீர்களா? என்ன வரிசையில் மாற்ற வேண்டும் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஷிராணி


தோஹா
14.06.2025

அன்பு ஷிராணி,

உன் மெயிலை மூன்று தடவை படித்தேன். நீ எனக்கு இவ்வளவு நீளமாக எழுதி எவ்வளவு நாள்! லேப்பைப் பற்றித்தான் என்றாலும் பரவாயில்லை.

ஓடிக்கொண்டிருப்பதைக் கலைக்காதே. அந்த சர்வரில் உள்ள ஒவ்வொன்றும் நான் கையால் கட்டியது. ஒன்றை மாற்றினால் இன்னொன்று கேட்கும். கம்பைலர் மாற்றுவது வகுப்பறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்ற வேலை இல்லை. டிசம்பரில் வந்து நானே செய்து தருகிறேன். அதிகாரியிடம் ஆறு மாதம் தவணை கேள். சிவசாமி சேர் பேசினால் கொடுப்பார்கள், பள்ளி அதிபர் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கே லேப்பை விட்டுப் போயிருக்கிறாய். உடம்புக்கு முடியவில்லையா? சுடுதண்ணீர் குடி. மழையில் நனையாதே.

எப்போதும் உன்,
கிறிஸ்டி


கொட்டகலை
17.06.2025

அன்புள்ள கிறிஸ்டியனுக்கு,

எந்த டிசம்பர்? நீங்கள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டதை ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மாமி சொன்னார்கள். “ஒனக்குத் தெரியுந்தானே மகள்” என்று கேட்டார்கள். தெரியும் என்று சொன்னேன். தெரியாது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை மாமாவை டிக்கோயா கிளினிக்குக் கூட்டிப்போனேன். நான் எத்தனை மணிக்கு லேப்பைப் பூட்டினேன் என்பது அதற்குள் கடல் கடந்து வந்துவிட்டதா? மாமி சொல்லியிருப்பார்கள். இங்கே நான் கால் மணி பிந்தினாலும் எங்கே, யாரோடு, என்ன பஸ் என்று கேள்வி வருகிறது. முப்பத்தைந்து வயதில் கடைக்குப் போகவும் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து அவரைக் குளிப்பாட்டித் துடைப்பதில் எனக்குக் குறை இல்லை, அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. அந்த வேலை பாரமில்லை. கேள்விகள்தான் பாரம். இந்த இரண்டு அறைக்குள் மூச்சு விடவும் ஒருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

லேப் ஒன்றுதான் நான் போய்ப் பூட்டிக்கொண்டு உட்காருகிற இடம். அதிலும் எனக்குப் பாதி உரிமைதான். கடவுச்சொல்லை அனுப்புங்கள். இல்லையென்றால் அனுப்ப மாட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள், சிவசாமி சேரிடம் காட்டுகிறேன்.

ஷிராணி


தோஹா
22.06.2025

ஷிராணி,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். ஒப்பந்தத்தை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அழுவாய் என்று தள்ளிப்போட்டேன்.

கடவுச்சொல்லைத் தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். வரிசையைக் கவனமாகப் படி.

முதலில் பின்யூட்டில்ஸ். கம்பைலர் ஆக்கிய துண்டுகளை இணைப்பது அதன் வேலை. அது புதிதாக இல்லாவிட்டால் புதிய கம்பைலர் எழும்பாது. இரண்டாவது ஜிசிசி, கம்பைலர். பழைய கம்பைலர் புதியதைக் கட்டும். அந்தப் புதியது தன்னைத் தானே இன்னொரு தடவை கட்டிக்கொள்ளும், பிறகு இன்னொரு தடவை. கடைசி இரண்டும் ஒன்றுபோல் இருந்தால்தான் சரி. அந்த மெஷினில் பதினோரு மணி நேரமாவது எடுக்கும். நடுவில் நிறுத்தாதே. மூலநிரல் இருக்கும் அடைவுக்குள்ளேயே, அதாவது அதே ஃபோல்டருக்குள், கட்டாதே, பக்கத்தில் வேறொரு அடைவு திற.

மூன்றாவது ஜிலிப்சி, எல்லா நிரல்களும் பொதுவாக எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் நூலகம். அதை நான் எழுதும்வரை தொடாதே. அந்த நூலகத்தின் மேல்தான் மற்ற எல்லாக் கட்டளைகளும் நிற்கின்றன. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கிறிஸ்டி


கொட்டகலை
06.07.2025

அன்புள்ள கிறிஸ்டியனுக்கு,

முடிந்தது! ஜிசிசி புதியது! முதல் தடவை நாலு மணி நேரம் ஓடி நின்றது. நான் ஒரு துணை நூலகத்தை விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை கடைசி ஒப்பீடு சரி என்று வந்தபோது நான் தனியாக நின்று கைதட்டினேன். பக்கத்து வகுப்பிலிருந்து பூரணி டீச்சர் எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், லொத்தர் சீட்டு விழுந்துருச்சா?” என்றார். எனக்கு அதைவிடச் சந்தோஷம்.

டேட்டாபேஸ் இப்போது பாதி தூரம் கட்டப்பட்டு, நூலகம் பழசு என்று நிற்கிறது. ஆகவே மூன்றாவது படி வேண்டும். அதை எழுதுகிறேன் என்றீர்கள். நான் தினமும் பார்க்கிறேன்.

மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

அன்புடன்,
ஷிராணி


கொட்டகலை
13.07.2025

கிறிஸ்டியன்,

இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. மூன்றாவது படி எங்கே?

ஷிராணி


கொட்டகலை
19.07.2025, சனி, காலை 9.40

கிறிஸ்டியன்,

கோபப்படாமல் படியுங்கள். உங்கள் மெயில் வரவில்லை, நானே ஜிலிப்சியைக் கட்டி நிறுவினேன். நிறுவும்போது வன்வட்டில் இடம் முடிந்து பாதியில் நின்றுவிட்டது. இப்போது எந்தக் கட்டளை கொடுத்தாலும் ஒரே பிழைச் செய்தி வருகிறது. கோப்புகளைப் பட்டியலிடக்கூட முடியவில்லை. நகலெடுக்க முடியவில்லை, நீக்க முடியவில்லை. ரூட்டாக நான் திறந்து வைத்திருந்த ஒரு திரை மட்டும் உயிரோடு இருக்கிறது. அதை மூடினால் மறுபடி உள்ளே போக முடியாது என்று தெரிகிறது. மெஷின் யூஎஸ்பியில் எழும்பாத பழசு. சிடி டிரைவ் செத்து ஒரு வருடம்.

பன்னிரண்டு மணிக்கு லைன் வேலைக்காக கரண்ட் வெட்டுகிறார்கள். நம் யூபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது. போன் அடித்தேன், உங்கள் போன் ஆஃப். வேலைக்குள் இருப்பீர்கள். மெயிலையாவது பாருங்கள். நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. பதின்மூன்று மெஷினும் கறுப்பாக இருக்கின்றன.

ஷிராணி


தோஹா
19.07.2025, உன் நேரம் 10.25

ஷிராணி, பயப்படாதே. வேலையிடத்தில் போன் விடமாட்டார்கள், மெயில் மட்டும்தான். நான் முதலில் இங்கிருந்தே சர்வருக்கு உள்ளே வரப் பார்த்தேன், வழக்கமான வழி திறக்கவில்லை. அதனால் நீதான் செய்ய வேண்டும்.

அந்தத் திரையை மூடாதே. எக்கோ என்ற சொல் அந்தத் திரைக்குள்ளேயே இருப்பது, வெளியே எந்த நூலகத்தையும் கூப்பிடாது. ‘எக்கோ’, ஒரு இடைவெளி, பிறகு லிப் அடைவின் பெயரும் ஒரு நட்சத்திரக் குறியும் அடி. கோப்புப் பெயர்கள் வரும். அதில் 2.21 என்ற எண்ணோடு பழைய நூலகம் இருக்கிறதா பார். அது அழிந்திருக்காது. அதைச் சுட்டுகிற பெயர் மட்டும்தான் புதியதன் பக்கம் திரும்பியிருக்கும்.

எஸ்பின் அடைவில் ‘எஸ்எல்என்’ என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. யார் மேலும் சாயாமல் தனியாக ஓடக்கூடியது. இந்த மாதிரி நாளுக்காகவே வைத்திருப்பது. அதைக் கொண்டு சுட்டியைப் பழைய நூலகத்துக்குத் திருப்பு. முழு வரியையும் தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து அடி.

கி.


கொட்டகலை
19.07.2025, காலை 11.05

எழும்பிவிட்டது. எல்லாக் கட்டளையும் ஓடுகிறது. கரண்ட் போவதற்கு முன் ஒழுங்காக நிறுத்திவிடுகிறேன். நன்றி.

உள்ளே வரப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வழி?

ஷி.


கொட்டகலை
27.07.2025

கிறிஸ்டியன்,

என் கேள்விக்கு எட்டு நாளாகப் பதில் இல்லை. அதனால் பதிலை சர்வரிலேயே தேடினேன். ரூட்டாக இருந்தால் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பார்க்கலாம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

நீங்கள் தோஹா போன மாதத்திலிருந்தே ஏறக்குறைய தினமும் வந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை, லேப் பூட்டியிருக்கும் என்று தெரியும்தானே. முதலில், பழுது பார்க்க வந்திருப்பார், என்னிடம் சொல்ல மறந்திருப்பார் என்று உங்களுக்காக நானே சாட்சி சொன்னேன். பிறகு உங்கள் கணக்கில் அடிக்கப்பட்ட கட்டளைகளைப் பார்த்தேன். கடைசி ஐந்நூறு அங்கே இருக்கின்றன. அதில் நானூற்றுப் பதினெட்டு ஒரே கட்டளை. ஷிராணி எப்போது வந்தாள், எப்போது போனாள். ஷிராணி எப்போது வந்தாள், எப்போது போனாள்.

வியாழக்கிழமை இரண்டு மணி என்று எழுதினீர்களே. நான் பாவம் மாமியை மனதுக்குள் திட்டினேன்.

மீதியில் சில, என் அடைவுக்குள் போய்க் கோப்புகளைத் திறந்தவை. போன வருடம் மார்ச்சில் கொழும்பில் ஒரு வருடப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதினேன். லேப்பில்தான் அடித்தேன், அச்செடுக்கவில்லை, யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுத்த வாரம் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கள விட்டுட்டுப் போயிராத மகள், இந்த மனுசன நான் ஒத்தையில எப்படித் தூக்குவேன்?” என்று அழுதார்கள். அவர்களுக்கு எப்படித் தோன்றியது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கே அந்தக் கோப்பை அழித்தேன். நான் அழிக்கும் முன் அதை நீங்கள் திறந்தீர்களா? அந்தக் காலத்துக் கட்டளைகள் இப்போது இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதிகாரி வந்தார். டேட்டாபேஸ் ஓடவில்லை என்று உண்மையைச் சொன்னேன். செப்டம்பர் முதல் வாரம்வரை கொடுத்திருக்கிறார்.

பதினான்கு மெஷின் உள்ள அந்த அறையில், கதவைப் பூட்டிக்கொண்டு, மூன்று வருடமாக நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷிராணி


தோஹா
02.08.2025

ஷிராணி,

ஆமாம், திறந்தேன். அம்மாவிடம் சொன்னதும் நான்தான். உன்னிடம் நேரே கேட்டிருந்தால் நீ போகிறேன் என்று சொல்லியிருப்பாய். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். இங்கே ஒரு அறையில் ஆறு பேர். வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டும். முதல் வாரம் சர்வர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே வந்தேன். உன் பெயர் அங்கே இருந்தது. நீ அந்த நிமிடம் அந்த நாற்காலியில் இருக்கிறாய் என்று தெரிந்தது. பக்கத்தில் நிற்பது போல் இருந்தது, சத்தியமாக. அடுத்த நாளும் பார்த்தேன். ஒரு நாள் உன் பெயர் இல்லை. அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எங்கே போனாள், யாரோடு போனாள் என்று மண்டை வெடித்தது. அதற்குப் பிறகு நான் அன்புக்காகப் பார்க்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நீ கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது படியை நான் எழுதாமல் விட்டது மறதி இல்லை. ஜிலிப்சியை ஓடுகிற அமைப்பின் மேல் வைக்கவே கூடாது. சரியான முறை, பக்கத்தில் ஒரு வெற்று அடைவில் புதிய கம்பைலர், புதிய நூலகம் என்று அடியிலிருந்து கட்டி, பழையதைத் தொடாமல் அங்கே குடியேறுவது. அப்படிக் கட்டினால் புதிய அமைப்பில் என் கணக்கு இருக்காது, நான் வருகிற வழியும் இருக்காது. அதனால்தான் எழுதவில்லை. நீ காத்திருந்து அலுத்து விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ தனியாக நிறுவப் போவாய் என்று நினைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை எல்லாம் போயிருந்தால் அது என் குற்றம்.

முழு முறையையும் இத்துடன் அனுப்புகிறேன், ஒன்றும் மறைக்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அதில் என் கணக்கையும் போடு. நான் உள்ளே வர மாட்டேன். இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

விடுமுறை கேட்டிருக்கிறேன், டிசம்பரில் கட்டாயம் வருவேன். அதுவரை பொறு.

உன்,
கிறிஸ்டி


கொட்டகலை
07.09.2025, ஞாயிறு

கிறிஸ்டியன்,

உங்கள் மெயிலுக்கு ஒரு மாதம் பதில் எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் திட்டாக வந்தது. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய முறை சரியாக இருந்தது. பள்ளி விடுமுறை முழுவதும் கட்டினேன். வன்வட்டில் இடம் போதாமல் பழைய பாடப் படங்களை அழித்தேன். நூலகத்தைக் கட்டி முடித்ததும், புதிய கம்பைலர் புதிய நூலகத்தோடுதான் இணைகிறதா என்று சின்ன நிரல் ஒன்றை எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். முதல் தடவை அது பழைய நூலகத்தையே சுட்டியது. எங்கோ பழைய பாதை ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது தடவை சரி. செவ்வாய்க்கிழமை அதிகாரி முன்னால் டேட்டாபேஸ் ஓடியது. ஜனவரியிலிருந்து வகுப்பு இங்கேதான். இதுவரை பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒன்பது பெண் பிள்ளைகள். நான் செய்த ஒவ்வொரு படியையும் தமிழில் எழுதி, சிவசாமி சேரிடமும் பூரணி டீச்சரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கணக்கைப் போடவில்லை. உங்கள் தனிமையைப் படித்தபோது அழுதேன், அது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் போட மாட்டேன்.

பயிற்சிக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். இந்தத் தடவை மாமா மாமிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். மாமா நல்ல கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். கிடைத்தால் அடுத்த வருட நடுவில் போவேன், வகுப்பைப் பூரணி டீச்சர் பார்த்துக்கொள்வார். உங்கள் அக்கா பவுலினிடம் பேசினேன். இறம்பொடையிலிருந்து வந்து அவர் இவர்களோடு இருப்பார். கிடைக்காவிட்டால் இதே லயத்தில்தான் இருப்பேன். ஓடிப்போக எனக்கு வேறு இடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். டிசம்பரில் நீங்கள் வந்தால் இது உங்கள் வீடு. நான் பள்ளி குவார்ட்டர்ஸில் பூரணி டீச்சரோடு தங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு என்ன என்பதை நேரில் பேசலாம். முடிவு எனக்கே இன்னும் தெரியாது.

கடைசியாக ஒன்று. மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபத்தோடுதான் தொடங்கினேன். “எதுக்கு மாமி என்னய தெனமும் கேள்வி கேட்டீங்க?” என்றேன். மாமி கொழுந்துக் கூடையின் கயிற்றை மாட்டிச் சுமந்து காய்த்த நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: “அவன் தெனம் சாயங்காலம் போன் பண்ணுவான் மகள். நீ வந்துட்டியா, எப்ப வந்தேனு கேப்பான். அவன் எனக்காகப் பண்ணலேனு எனக்கும் வெளங்கத்தான் செஞ்சிச்சு. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லேன்னா ரெண்டு வார்த்தையில வச்சிருவான். அதான் கேட்டு வச்சுக்குவேன்.”

ஆகஸ்டிலிருந்து அந்தப் போன் வரவில்லை. மாமி சாயங்காலமானால் போனை மடியில் வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற வாசல்படியில் போய் உட்காருகிறார்கள். நேற்று மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

போன் செய்யுங்கள். என்னைக் கேட்காதீர்கள். மாமிக்குக் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

ஷிராணி